கடல் சாமியும் கட்டுவிரியனும்

ஜவ்வாது மலைக்குக் கடலைக் கொண்டுவந்தவள் செவ்வந்தி. சந்தேகம் உள்ளவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம். அகத்தியர் கடலைக் குடித்தார் என்று பெரிதாகப் பேசுகிறார்கள். குடிப்பதில் என்ன இருக்கிறது, தாகம் எடுத்தால் யாரும் குடிப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், மீனிலிருந்து நண்டு வரை ஒன்று குறையாமல், அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் கடலை மேலே ஏற்றி, பன்னிரண்டுக்கு ஒன்பது அடிக் கூடத்தில் பரப்பி, ஒயிட் சிமெண்ட் பூசித் துடைத்து வைத்த ஒரே மனுஷி அண்ட சராசரத்திலும் இவள்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் ராஜாக்களுக்குத் தரை போட்டவர்கள் இன்று உயிரோடு இருந்திருந்தால், ஆலங்காயத்தில் பஸ் மாறி ஜமுனாமரத்தூரில் வந்து இறங்கி, இவளிடம் கலவை சுமக்க வரிசையில் நின்றிருப்பார்கள். இவளும், கலவை தண்ணியாக இருக்கிறதென்று அவர்களைத் திட்டியிருப்பாள்.

இப்பேர்ப்பட்ட செவ்வந்தி பதினெட்டு வருஷம் சித்தாளாக இருந்தாள்.

ஜமுனாமரத்தூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, நாற்பது வீடுள்ள ஊர் அவளுடையது. வயது முப்பத்தொன்பது. கணவன் கோபால்சாமி சாமை விதைப்பான், புளி உலுக்குவான், எதைக் கேட்டாலும் "ஆவட்டும்" என்பான். கண்ணமங்கலத்து மேஸ்திரி தனசேகரன் மலைமேல் எங்கே தரை வேலை எடுத்தாலும் அவருக்குச் சித்தாள் செவ்வந்திதான். அவர் உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டுவார், இவள் நின்று கலவை தூக்குவாள். வேலை முடிந்ததும் அவர் கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கீழே இறங்குவார். இவள் உடைந்த டைல்ஸ் துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு மேலே நடப்பாள்.

அந்தத் துண்டுகள் முதலில் அவள் வீட்டுச் சமையலறைத் தரையாயின. பிறகு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பரவின. அதற்கப்புறம் போக்கிடம் இல்லாமல் மாட்டுத் தொழுவத்துக்குள் போயின. புளியங்கொட்டை அளவுத் துண்டைக்கூட அவள் எறிய மாட்டாள். அதற்கென்று எங்கேயாவது ஒரு சந்து இருக்கும், தேடி வைப்பாள். பூவும் கொடியும் போட்ட தரையில் நின்று சாணி போடும் பாக்கியம் இந்த மலையில் அவளுடைய மாட்டுக்கு மட்டும்தான் வாய்த்தது.

"துண்டு ஒட்டறதெல்லாம் மேஸ்திரி வேலை ஆவாது செவ்வந்தி" என்பார் தனசேகரன். "அது பொழுதுபோக்கு. நீ போய் கலவையைக் கொண்டா."

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், ஃபரூக் வந்து தொழுவத்தில் நுழையும் வரை.

ஃபரூக் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்பவர். வருஷத்துக்கு இரண்டு தடவை இத்தாலிக்குப் போய்த் தோல் விற்றுவிட்டு வருவார். ஆலங்காயம் சாலை ஓரமாக ஒரு விருந்தினர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மலைத்தேன் வாங்கலாம் என்று கோபால்சாமியைத் தேடி வந்தவர், வழி தெரியாமல் தொழுவத்துக்குள் போய், மாட்டை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இது யாரு போட்டது?"

"நான்தாங்க பாய். மாடு வழுக்கிடக் கூடாதுன்னு..."

"மாட்டுக்கா இது? யா அல்லா!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு ஃபிளெக்ஸ் சுருளோடு வந்தார். மலையில் ஃபிளெக்ஸ் என்றால் காதுகுத்து, இல்லாவிட்டால் கண்ணீர் அஞ்சலி. ஆகவே பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள், "யாரு பூட்டாங்க பாய்?" என்று துக்கமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். விரித்தார்கள். வாசல் முழுக்க ஒரு முகம் வந்தது. பாசி பிடித்த தாடி. தலையிலே மயிருக்கு நடுவில் இரண்டு நண்டுக்கொடுக்கு. ஒரு கண் பெரிதாக விழித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சிமெண்ட் திட்டு. சுற்றிலும் என்னென்னவோ நீந்திக்கொண்டிருந்தன.

மாணிக்கம்மாள் துக்கம் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

இத்தாலியில் தன்னிடம் தோல் வாங்குகிறவர் தன்னைக் கூட்டிப் போய் இதைக் காட்டியதாக ஃபரூக் சொன்னார். தண்ணீர்க் குழாய் போடக் குழி தோண்டியபோது மண்ணுக்கடியில் கிடைத்த தரையாம். ரோமர்கள் காலத்தது. ரோமர்கள் என்பவர்கள் அந்தக் கால இத்தாலிக்காரர்கள். முழுக்கச் சின்னச் சின்னக் கல். பெயிண்ட் கிடையாது.

"அந்தக் காலத்துலயே வேஸ்ட் டைல்ஸ் இருந்துச்சா பாய்?"

"இல்லம்மா. வேணும்னே உடைச்சு வெச்சிருக்காங்க."

செவ்வந்திக்கு அங்கேயே குழப்பம் ஆரம்பமாகிவிட்டது. நல்ல கல்லை வேண்டுமென்றே உடைப்பார்களா?

"இது யாரு?"

"கடல் சாமி."

"எங்க இருந்துச்சு இது, கோயில்லயா?"

"இல்ல. பணக்காரன் வூட்ல சாப்பாட்டு ரூம்."

"சாமி மூஞ்சி மேல ஒக்காந்து சாப்ட்டாங்களா?"

ஃபரூக் யோசித்தார். "அது கும்புடற சாமி இல்ல போலிருக்குது. அழகுக்கு வெச்ச சாமி."

"கும்புடாத சாமி எதுக்கு பாய் இப்டி மொறைக்குது?"

அது அவருக்கும் தெரியவில்லை. கண் போன கதையை மட்டும் தெரிந்து வைத்திருந்தார். குழாய்க்காரனின் கடப்பாரை பட்ட இடம் அது. பாதுகாக்கிறவர்கள் நினைத்தால் புதுக் கல் வைத்துக் கண் போட்டிருக்கலாம். ஆனால் போட மாட்டார்களாம். பழைய கண் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாதபோது நாமாக ஒன்றைப் போட்டால் அது பொய் ஆகிவிடும் என்று சொன்னார்களாம். அதனால் வெறும் சாந்தைப் பூசி, 'இங்கே இருந்தது போய்விட்டது' என்று தெரியும்படி விட்டிருக்கிறார்கள். அவர் போனில் இன்னொரு படத்தையும் காட்டினார். நாலு பேர் குனிந்து அதே தரைமேல் துணி விரித்து, அதன்மேல் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"குளிர்காலம் வந்தா மூடிடுவாங்க. பனி பட்டா கல்லு பேந்துடுமாம். இன்னா பண்றதுன்னு தெரியாத எடத்தையும் இப்டித்தான் மூடி வெப்பாங்க. மண்ணுக்குள்ள இருந்தா கெடாது."

"அப்ப தோண்டி எடுத்தது எதுக்கு? திரும்பப் பொதைக்கறதுக்கா?"

"எனக்கும் அதான் புரியல" என்றார் ஃபரூக். பிறகு வியாபாரி ஆனார். "செவ்வந்தி, என் கூடத்துல இதே தரை வேணும். அந்த இத்தாலிக்காரரு தை மாசம் குடும்பத்தோட வர்றாரு. படத்துல இருக்கற மாதிரியே போடு. ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. இத முடிச்சுட்டேன்னா இனிமே நீ மேஸ்திரி. ஆம்பூர்ல தங்கச்சி வூடு, கீழ என் ஆபீஸு, எல்லாத் தரையும் நீதான்."

சேதி தனசேகரனுக்குப் போனது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூட அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "போடட்டுமே" என்று சிரித்தார். "ஆவலன்னா கலவைச்சட்டி எங்கயும் ஓடிப் போவாது. இங்கதான் இருக்கும்."

ஒரே தரை. அது தேறினால் அவள் கரணை பிடிப்பாள். தேறாவிட்டால் ஆயுசுக்கும் சட்டிதான். இது ஊரில் மாடு கன்றுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அவள் படத்தின்மேல் ஓர் அடிக்கு ஒன்றாக நூல் கட்டினாள். கூடத்திலும் அதேபோலக் கட்டினாள். நூற்றெட்டுக் கட்டம் வந்தது. "நூத்தியெட்டு! கும்புடற சாமியேதான்" என்றாள் மாணிக்கம்மாள். இவள்தான் இப்போது செவ்வந்திக்குச் சித்தாள். ஒடுகத்தூர் டைல்ஸ் கடைகளின் பின்பக்கத்தில் கொட்டிக் கிடந்த உடைசல்களை நாலு நடையில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நிறம் பார்த்துப் பிரிக்கிற வேலை அண்ணன் மகள் அன்பரசிக்கு. வயது பதினேழு. பத்தாவது முழுசு, பதினொன்றாவது பாதி. இப்போது ஜமுனாமரத்தூரில் தையல் பழகுகிறாள் என்று வீட்டில் நம்புகிறார்கள். அழகு, அறிவு, அடக்கம் மூன்றிலும் ஊரில் இவளுக்கு இணை கிடையாது என்பதை நடுநிலையோடு இங்கே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

தினம் இரண்டு கட்டம். குறட்டால் நறுக்கி, நகத்தளவு துண்டை எடுத்துப் படத்தைப் பார்த்து, மறுபடி நறுக்கி, சாந்தில் பதித்து. கை தப்பவில்லை. ஆனால் எதைப் பதிக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை.

"இது இன்னாடி?" என்றாள் மாணிக்கம்மாள், எட்டுக் கால் விரித்த ஒன்றைக் காட்டி.

"பலாக்கன்னை வேரோட புடுங்கித் தலைகீழா வெச்சிருக்கு."

"வேருக்குக் கண்ணு இருக்குதே."

"ஆமா, இருக்குது."

இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள். அதுவும் பார்த்தது.

"இது தேளு" என்றாள் செவ்வந்தி.

"தேளு தண்ணில இன்னா பண்ணுது?"

"எனக்கு இன்னாடி தெரியும், அதையே கேளு. இது பன்னி. மூக்கு நீண்ட பன்னி. தாவுது பாரு."

கடலைப் பார்த்த ஆள் என்று அந்த வட்டாரத்தில் தனசேகரன் ஒருவர்தான். மச்சான் கல்யாணத்துக்கு மெட்ராஸ் போனபோது மெரினாவில் கால் நனைத்தவர். ஒருநாள் வேவு பார்க்க வந்தவரிடம் கேட்டார்கள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு படத்தைச் சுற்றி வந்தார்.

"மெரினால இதெல்லாம் இல்ல" என்றார் உறுதியாக. "சுண்டல்தான் இருந்துச்சு."

எழுபதாவது கட்டம் வாக்கில், தாடிக்குக் கீழே அது வந்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக, மூன்றடிக்குச் சற்று மேல் நீளத்தில், நேராகக் கிடந்தது.

"மட்டக்கோல் மாதிரி இருக்குதே" என்றாள் செவ்வந்தி.

சாமி தாடிக்கடியில் மட்டக்கோலை யார் வைப்பார்கள்? கறுப்பிலே வெள்ளைப் பட்டை போட்டது கட்டுவிரியன், இதுகூடவா தெரியாது, என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்பது இப்போது அவ்வளவு முக்கியமில்லை. மலையில் விறகுக் கட்டுக்கடியில் கட்டுவிரியனைப் பார்க்காத ஆள் இல்லை. சொன்னதும் எல்லோர் கண்ணுக்கும் அது பாம்பாகவே தெரிந்துவிட்டது.

"நேரா கெடக்குதே."

"தூங்குது."

"தலை எங்க?"

"அந்தக் கடைசிப் பட்டைதான் தலை. ரோமாபுரில அப்டித்தான் இருக்கும்."

பட்டை பிசகாமல், நீளம் பிசகாமல் செவ்வந்தி அதைப் பதித்தாள். மூன்று நாள் ஆனது. அந்தத் தரையிலேயே அதைப்போல் நேர்த்தியாக வந்த இடம் வேறு கிடையாது. முடித்த பிறகும் அவள் மனசு ஆறவில்லை. சாமிக்கு ஒரு கண்தான். மற்றதை வெறும் சாந்துத் திட்டாக விடும்போதே அவள் ஒரு துண்டை எடுத்து எடுத்துக் கீழே வைத்திருந்தாள். சொல் மீறக் கூடாதென்று விட்டிருந்தாள். இப்போது பாம்புக்கும் கண் இல்லை.

"கண்ணில்லாத பாம்பைப் போட்டு வெச்சா, அது கண்ணைத் தேடிக்கினு வூட்டுக்குள்ள வரும்" என்றாள் மாணிக்கம்மாள். "எங்க மாமியா சொல்லுவா."

"பாய் புள்ளிகூட மாறக் கூடாதுன்னாரு."

"பாய் வூட்டுக்குள்ளதான வரும்? அவரு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

செவ்வந்தி சிவப்பு டைல்ஸிலிருந்து கடுகளவில் இரண்டு துண்டு நறுக்கினாள். கடைசிப் பட்டையில் வைத்தாள். நூற்றெட்டுக் கட்டத்தில் அவளாகச் சேர்த்தது அந்த இரண்டு கடுகு மட்டும்தான்.

மார்கழி பிறந்த வாரம், ஒரு திங்கட்கிழமை, ஃபரூக் மனைவி கனீஸ் ஃபாத்திமாவோடு தரையைப் பார்க்க வந்தார். தனசேகரனும் வந்திருந்தார். செவ்வந்தி ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஓரமாக நின்றாள். ஃபரூக் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சாமியின் நெற்றிப் பக்கம் நின்று, கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

"மாஷா அல்லா. அப்டியே இருக்குது, கனீஸ். அதே மொறைப்பு."

மீன்களைச் சுற்றி நடந்தார். பலாவேரைச் சுற்றி நடந்தார். தாடிக்குக் கீழே வந்ததும் நின்றார்.

"இது இன்னா?"

"கட்டுவிரியன், பாய்."

"எது?"

"இதோ தாடிக்கு அடில. தூங்குது."

ஃபரூக் குத்த வைத்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுந்திருக்கும்போது அவர் குரல் மெலிந்திருந்தது.

"செவ்வந்தி, இது ஸ்கேலும்மா."

யாருக்கும் புரியவில்லை.

"போட்டோ எடுக்கறப்ப தரை எவ்ளோ பெருசுன்னு படத்துல தெரியணும்ல? அதுக்காக அதும்மேல ஒரு அளவுகோலை வெச்சு எடுப்பாங்க. ஒரு மீட்டர் கோலு. எடுத்து முடிச்சதும் தூக்கிக்கினு பூடுவாங்க. அதுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்ல."

"அளவுகோலுக்குக் கண்ணா?" என்றார் கனீஸ் ஃபாத்திமா. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

தனசேகரனுக்கு மூட முந்தானை இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாணிக்கம்மாள் தன் மாமியாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அன்பரசி அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்.

செவ்வந்தி தரையைப் பார்த்தாள். பாம்பாகத்தான் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். கோலாகத் தெரிந்தது. மறுபடி பாம்பானது. "கோலை மட்டும் பேத்து எடுத்துடறேன் பாய்" என்றாள்.

"எடுத்துட்டு அங்க இன்னா வெப்பே?"

"கோலுக்குக் கீழ இருக்கறதை."

"கோலுக்குக் கீழ இன்னா இருக்குது?"

எல்லோரும் ஃபிளெக்ஸைப் பார்த்தார்கள். கோலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைக் கோல் மறைத்துக்கொண்டிருந்தது. கனீஸ் ஃபாத்திமாதான், "அவங்களுக்கே போன் போட்டுக் கேளுங்க" என்றார். ஃபரூக் வெளியே போய், சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று, கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். வரும்போது முகம் இன்னும் குழம்பியிருந்தது.

"வேற போட்டோ அவர்கிட்ட இல்லியாம். நேர்ல போய்ப் பார்க்கவும் முடியாதாம். போன வாரம்தான் மணலைக் கொட்டி மூடினாங்களாம். பங்குனி ஆவுமாம் திறக்க."

"அப்ப நாமும் மூடிடலாம் பாய்" என்றாள் செவ்வந்தி.

"இன்னாத்த?"

"இத. இன்னா பண்றதுன்னு தெரியலன்னா மூடி வெப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப யாருக்கும் தெரியல. துணி விரிச்சு மணலைக் கொட்டிடறேன். அவங்க திறந்து பார்த்து சொல்லட்டும், நாமும் திறந்து சரி பண்ணிக்கலாம்."

"அது ரெண்டாயிரம் வருஷத்துத் தரைம்மா. இது போன வாரம் காஞ்ச தரை."

"இதுவும் பழசாவும்ல பாய்?"

ஃபரூக் மறுபடி குத்த வைத்து, அந்த இரண்டு சிவப்புக் கடுகுமேல் விரலை வைத்தார். "கோலுகூடப் பரவால்ல செவ்வந்தி. படத்துல இருந்துச்சு, வெச்சுட்டே. அந்தக் கண்ணு? அது படத்துல இல்லியே. சாமிக்கே கண்ணு வெக்காம விட்டாங்கன்னு அவ்ளோ சொன்னேன். இல்லாத பாம்பை நீயா நெனச்சு, அதுக்குக் கண்ணும் நீயா வெச்சா, நாளைக்கு என் தங்கச்சி வூட்ல இன்னா வெப்பியோன்னு நான் எப்டி நம்பறது?"

செவ்வந்தி ஈரத்துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

"வியாழக்கிழமை பேத்துடலாங்க சார்" என்றார் தனசேகரன். "ரெண்டே நாள்ல வெள்ளை டைல்ஸ் போட்டு ஜம்முனு பண்ணிடறேன். செவ்வந்தி கலவை கொடுக்கட்டும்."

மறுநாள் அவள் தனியாக அந்தக் கூடத்துக்குப் போனாள். மற்றவர் கடப்பாரை வைக்கும் முன்னால் அந்த இரண்டு கண்ணையாவது தன் கையால் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். உளியை வைத்துத் தட்டினாள். அசையவில்லை. பக்கத்தில் தட்டினாள். உளிதான் மழுங்கியது. அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், சாமியின் தாடிமேல் கால் படாமல் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஃபரூக்கிடமிருந்து போன் வந்தது. பெயர்க்க வேண்டாம். அவள் சொன்னபடியே துணி விரித்து மணல் கொட்டி மூடட்டும். இப்போதைக்குக் கண்ணையும் தொட வேண்டாம். பங்குனியில் இத்தாலிக்காரர்கள் திறந்து பார்த்துச் சொன்னதும் கோலை மட்டும் அவளே சரி செய்யட்டும். அதுவரை ஆம்பூர் வேலையைத் தொடங்கலாம். ஃபரூக்கின் மனசு இரண்டு நாளில் ஏன் மாறியது என்பது யாருக்கும் தெரியாது. பெரிய மனிதர்கள், பல ஊர் பார்த்தவர்கள், அவர்கள் மனசு அப்படித்தான் மாறும்.

வியாழக்கிழமை உடைக்க வந்த தனசேகரனுக்கு உடைப்பு வேலை இல்லாமல் போனது. கூலிக்கு வந்தாகிவிட்டது, சும்மா எப்படிப் போவது? வெளியே கொட்டியிருந்த ஆற்றுமணலை அள்ளிக்கொண்டு வந்தார். செவ்வந்தி பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த துணியைச் சுருக்கம் இல்லாமல் விரித்து, மூலையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா மேஸ்திரி, இங்க கொட்டட்டுமா?" என்றார் அவர்.

கேலியா மரியாதையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்குமே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். "மெதுவா கொட்டுங்க. மூக்கு மேல பாரம் விழப் போவுது" என்றாள். அவர் மெதுவாகவே கொட்டினார். நாலு அங்குலம் மணல் ஏறியது. மீன் போனது, தேள் போனது, தாவுகிற பன்றி போனது. கடைசியாகச் சாமியின் ஒற்றைக் கண்மேல் அவள் கையாலேயே மணலைத் தூவி மூடினாள். பத்து நாளைக்கு முன் பிறந்த புராதனத் தரை அப்படியாகப் பாதுகாக்கப்பட்டது.

வருகிறவர்களுக்கு அங்கே மணல்தான் தெரியும். அதனால் சுவரில் ஒரு பலகை மாட்ட வேண்டும் என்றார் ஃபரூக். கீழே என்ன இருக்கிறது, போட்டவர் யார் என்று அதில் எழுத வேண்டும். வெளிநாட்டில் அப்படித்தான் வைப்பார்களாம். கையெழுத்து நன்றாக இருக்கிற அன்பரசி எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். அவரும் இவளைத் தேடிச் சொல்வானேன், அதுவும் யாருக்கும் தெரியாது.

அன்பரசி மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். அகத்தியரிலிருந்து ஆரம்பித்து, இதுவரை நீங்கள் படித்தது வரை எழுதிக்கொண்டுபோய் அத்தையிடம் வாசித்துக் காட்டினாள். செவ்வந்தி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டே கேட்டாள். ரோமாபுரிக்காரர்கள் கலவை சுமக்க வரிசையில் நின்ற இடத்தில் மட்டும் முறம் ஒரு நொடி நின்றது.

"பலகை எவ்ளோ பெருசு?"

"ரெண்டடிக்கு ஒண்ணரை, அத்தே. பொடியா எழுதிடுவேன்."

"ஊர்லயே அழகு, அறிவு, அடக்கம்னு ஒருத்தி வர்றாளே, யாரு அவ?"

"அது ஒரு பேச்சுக்கு."

"கட்டுவிரியன்னு யாரோ சொன்னாங்கன்னு போட்ருக்கியே. அது எந்த யாரோ?"

"கூட்டத்துல ஒரு கொரலு. எனக்கு சரியா நெனப்பு இல்ல."

செவ்வந்தி கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "சரி. பாய் மனசு ஏன் மாறுச்சுன்னு யாருக்கும் தெரியாதா?"

"யாருக்குத் தெரியும்? பெரிய மனுஷரு."

"எனக்குத் தெரியும்."

அன்பரசி தாளை மடிக்க ஆரம்பித்தாள்.

"இருடி. புதன்கெழமை தையல் கிளாஸுக்குன்னு போனியே, எந்தப் பஸ்ல போனே?"

"ஜமுனாமரத்தூருக்கு எதுக்கு பஸ்ஸு? நடந்துதான்..."

"நடந்தா வாணியம்பாடி போனே? கனீஸம்மா நேத்து போன் பண்ணாங்க. பாய் கால்ல வுழாத கொறையா நின்னியாம். 'அது கோலுன்னு எனக்கு அப்பவே தெரியும், கீழடி தோண்டற படத்துல பார்த்திருக்கேன், சிரிப்புக்காகத்தான் பாம்புன்னு சொன்னேன், கண்ணு வெக்கற வரைக்கும் பார்த்துக்கினுதான் இருந்தேன், அத்த மேல தப்பில்ல, தரையை ஒடைக்காதீங்க'ன்னு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி சொன்னியாம்."

"மூக்கு எனக்கு மார்கழில எப்பவும் ஒழுவும் அத்தே. பனி."

"அழுதுக்கினே ரெண்டு தட்டு பிரியாணி சாப்ட்டியாமே."

அன்பரசி தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

"ஒரு தட்டை எனக்குக் கட்டிக் கொண்டாரணும்னு தோணுச்சாடி உனக்கு?" என்றாள் செவ்வந்தி மேஸ்திரி.